ஏழு தரம் கழுவிய சுவர்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, சுவரில் வைத்தால் ஈரத்தை எண்ணாகக் காட்டும் கருவி இப்போது உங்கள் பையில் இருக்கிறதாமே. நல்ல விஷயம். எங்கள் காலத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பையில் ஒரு குடை, கொஞ்சம் குளோரின் தூள், ஒரு றப்பர் முத்திரை, அவ்வளவுதான் இருக்கும். மிச்சத்தை வாயால் சமாளித்தோம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இந்தக் கதையே அந்த வாயால் வந்த வினைதான்.

வெள்ளத்துக்குப் பிறகு கட்டடங்களைத் திரும்பப் பாவனைக்கு விடுவது பற்றி எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். செய்த நல்ல வேலைகளை எழுத ஆள் நிறைய இருக்கிறது. நான் செய்த ஒரு பிழையை எழுதுகிறேன். ஓய்வு பெற்றவனை இனி எவரும் இடமாற்றம் செய்ய முடியாது என்பதில் இப்படியும் ஒரு வசதி உண்டு.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. புத்தளத்தில் களப்பு என்கிற கடற்கழியின் ஓரத்தில் ஒரு குடியேற்றம் என் பிரிவுக்குள் இருந்தது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பங்கள். பாதிப் பேர் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடம் போகிறார்கள், தொழில் இங்கே இருக்கிறது என்று மீதிப் பேர் தங்கிவிட்டார்கள். அங்கே ஒரு பொது மண்டபம் இருந்தது. ஓர் உதவி நிறுவனம் கட்டிக் கொடுத்தது. வெளிச்சுவர்கள் சீமெந்துக் கல். நடுவில் மட்டும் பலகைத் தட்டி. முன்பக்கம் பிள்ளைகள் ஓதுவதற்கும் எங்கள் தாய் சேய் கிளினிக்குக்கும், பின்பக்கம் ஓர் அறை.

அந்தத் தட்டியைப் பற்றி இப்போதே சொல்லிவிட வேண்டும். அது ஒற்றைப் பலகை இல்லை. இரண்டு பக்கமும் பலகை, நடுவில் ஒரு சாண் இடைவெளி. பிள்ளைகள் ஓதும் சத்தம் மற்றப் பக்கம் கேட்காமல் இருக்க அந்த இடைவெளியில் தென்னந்தும்பை, அதாவது தேங்காய் நாரை, அடைத்திருந்தார்கள். சிலாபம் பக்கத்துத் தும்பு ஆலை ஒன்று இலவசமாகக் கொடுத்தது. உள்ளூர்ப் பொருள், காசில்லாத பொருள் என்று திறப்பு விழாவில் எல்லோரும் அந்த யோசனையைப் பாராட்டினார்கள். பாராட்டியவர்களில் நானும் ஒருவன். கேக் சாப்பிட்டுக்கொண்டே அந்தத் தட்டியைத் தட்டிப் பார்த்து, "நல்ல வேலை" என்று சொன்னேன். ஆகவே உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

பிறகு வெள்ளம் வந்தது. மண்டபத்துக்குள் இரண்டு நாள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. களப்புத் தண்ணீர், மழைத் தண்ணீர், மலசலகூடக் குழிகளின் தண்ணீர் எல்லாம் ஒன்றாகிவிட்டன. தண்ணீர் வடிந்தபோது நடுத்தட்டியோடு ஒட்டிக்கொண்டு ஒரு செத்த நாய் கிடந்தது.

நாய் கிடந்த இடம் என்றால் அந்த மக்களின் மார்க்கப்படி சும்மா கழுவினால் போதாது. ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால். மண்ணும் சுத்தமான மண்ணாக இருக்க வேண்டும். குடியேற்றத்து மண் முழுவதும் வெள்ளத்தில் ஊறிப் போயிருந்ததால், வண்ணாத்திவில்லுப் பக்கமிருந்து ஓர் உழவு இயந்திரப் பெட்டியில் செம்மண் கொண்டு வந்தார்கள். பெண்கள் வரிசையாக நின்று வாளி வாளியாகத் தட்டியின் மேல் ஊற்றினார்கள். தலைக்கு மேல் உயரத்திலிருந்து ஊற்றி, தும்புத்தடியால் உரசி, மறுபடி ஊற்றினார்கள். நான் அதைக் கண்ணால் பார்த்தேன். எனக்குக் கீழ் வேலை செய்த எந்தத் தொழிலாளியும் அப்படிக் கழுவியதில்லை. அவர்கள் முடித்த பிறகு நான் குளோரின் தெளிக்கச் சொன்னேன். மூன்று நாள் வெயில் அடித்தது. பிறகு யாரோ ஒருவர் வெள்ளைப் பெயின்ட் கொடுத்தார். அதையும் பூசினார்கள்.

பள்ளிவாசல் நிறைய வீடிழந்த குடும்பங்கள். மறுபடி மழை மூட்டம். பள்ளிவாசல் தலைவர் ஹாஜியார் காலையும் மாலையும் எனக்குத் தொலைபேசி எடுத்தார். அவருக்கு முக்கியமாக ஒரு பெண்ணைப் பற்றிய கவலை. பெயர் பரீனா. கிடுகு வீடு வெள்ளத்தோடு போய்விட்டது. கணவன் சவூதியில் சாரதி. இரண்டு வயதில் அஸ்லம் என்று ஒரு மகன். அவனுக்கு ஏற்கெனவே கொஞ்சம் முட்டு வருத்தம், அதாவது மூச்சு இழுக்கும் நோய். பள்ளிக்குள் அந்த நெரிசலில் வைத்திருக்க முடியாது. மண்டபத்துப் பின்அறையை அவளுக்குக் கொடுக்கலாம் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். ஆனால் ஹாஜியார் ஒழுங்கான மனிதர். "சேர்ட எழுத்து இல்லாம ஒருத்தரையும் உள்ளுக்கு விடமாட்டன்" என்று நின்றார். சேர் என்றது என்னை.

நான் போனேன். நடு மண்டபத்தில் நின்றேன். தரை பளபளத்தது, சுவர் வெளுத்திருந்தது, குளோரின் மணத்தது. திருப்தியாக இருந்தது. நான் எத்தாளையில் பிறந்தவன், கத்தோலிக்கன், கடற்றொழில் குடும்பம். முஸ்லிம் பிள்ளைகளோடு ஒரே மணலில் உருண்டு வளர்ந்தவன். அவர்கள் தமிழ் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று ஒரு பெருமை. அந்தப் பெருமையைக் காட்டுவதற்காகவே, சுத்தமா என்று கேட்காமல் அவர்களுடைய சொல்லிலேயே கேட்டேன்.

"ஹாஜியார், பாக்கா?"

"பாக் சேர். ஏழு தரம். செம்மண் போட்டும் கழுவியாச்சி. மௌலவி வந்து நிண்டு பாத்தவர்."

பரீனா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்அறை வாசலில் நின்றாள். "சேர்..." என்றாள். ஹாஜியார் பேசிக்கொண்டிருந்தார். நான் பையில் பேனையைத் தேடிக்கொண்டிருந்தேன். குடியிருக்க உகந்தது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையையும் குத்திக் கொடுத்தேன். அந்தத் தட்டியில் நான் விரல்கூட வைக்கவில்லை.

மூன்று வாரத்தில் அஸ்லமை இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டாம் தரத்துக்குப் பிறகு நான் அந்த வழியால் போகும்போது எட்டிப் பார்த்தேன். அறைக்குள் சாம்பிராணிப் புகை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் கோபம் பெரும்பாலும் பதில் தெரிந்த மனிதனின் கோபமாகத்தான் வரும்.

"முட்டு வருத்தக்காரப் பிள்ளையை வைத்துக்கொண்டு புகை போடுறீங்களே, புத்தி இருக்கா?"

"செவரு மணக்குது சேர். அதுக்குத்தான் போடுறன்."

"ஏழு தரம் கழுவின சுவர் எப்படி மணக்கும்? எனக்கு ஒரு மணமும் வரவில்லை."

அவள் சாம்பிராணிச் சட்டியை எடுத்து வெளியே வைத்தாள். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டே திரும்பினேன். அந்தப் பழமொழி யாருக்குப் பொருந்தும் என்று அப்போது விளங்கவில்லை.

மூன்றாம் தரம் பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் எனக்கு அழைப்பு வந்தது. ஆஸ்பத்திரி வாட்டில் இருந்த இளம் டொக்டர் பேசினார். பிள்ளை தேறிவிட்டான், வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டியாகிவிட்டது, ஆனால் தாய் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று வாட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள், கட்டில் தேவைப்படுகிறது, நீங்கள் அந்தப் பகுதிப் பரிசோதகர், வந்து பேசுங்கள் என்றார். போனேன். பரீனா கதிரையில் உட்காராமல் கீழே உட்கார்ந்திருந்தாள். மடியில் அஸ்லம் பாண் ரொட்டித் துண்டு ஒன்றைப் பிய்த்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஏன் பிள்ளை, வீட்டுக்குப் போகவில்லை?"

"இங்க மூணு நாள்ல சிரிக்கிறான் சேர். அங்க போன ரெண்டாம் நாள் இழுக்குது. மருந்தும் அதேதான், சாப்பாடும் அதேதான், உம்மாவும் நான்தான். மாறுறது வீடு மட்டும்தானே."

இதைக் கண்டுபிடிப்பதற்கு நாங்கள் வருடக்கணக்காகப் படிக்கிறோம். எதை மாற்றினால் நோய் மாறுகிறதோ அதைச் சந்தேகப்படு என்று சோதனைத் தாளில் எழுதிப் புள்ளியும் வாங்கினோம். அவள் வாட்டு வாசலில் உட்கார்ந்து தானாகவே அதைக் கண்டுபிடித்திருந்தாள். எனக்கு என் கையெழுத்துத்தான் பெரிதாகத் தெரிந்தது.

"நான் பார்த்துத்தானே எழுதினேன். என் எழுத்தில் நம்பிக்கை இல்லையா?"

"நீங்க நிண்டு பாத்தீங்க சேர். அவன் கீழ கிடக்கிறவன். அவன் கிடக்கிற இடத்துல ஒருக்காக் கிடந்து பாருங்க."

பக்கத்தில் நின்ற தாதி சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். உத்தியோகத்தர் ஒருவர் காற்சட்டையோடு பாயில் கிடப்பதை நினைத்துச் சிரித்தேன். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. அதன் பிறகு நான் மெதுவாக, அன்பாக, பொறுப்புள்ள குரலில் பேசி அவளை வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். முச்சக்கர வண்டியும் பிடித்துக் கொடுத்தேன். அவள் என் சொல்லை நம்பிப் போகவில்லை. போக வேறு இடம் இல்லாமல் போனாள்.

ஒரு நாள் விட்டு மறுநாள் காலை, நான் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஹாஜியார் தொலைபேசி எடுத்தார். "சேர், புள்ளைக்கு மூச்சு இல்லாத மாதிரி. கொண்டு போறம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அஸ்லமைச் சுற்றி நான்கு பேர் நின்றார்கள். அவர்களின் கைகளுக்கு இடையால் பிள்ளையின் முகத்தைக் கண்டேன். நாவற்பழம் தின்ற பிள்ளையின் வாய் போல உதடு நீலமாக இருந்தது. நெஞ்சு உள்ளே உள்ளே போய் விலா எலும்பு எண்ணும்படி தெரிந்தது. சத்தமே வரவில்லை. முட்டு வருத்தத்தில் இழுக்கும் சத்தம் நின்றுபோவது என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நான் கும்பிடுகிற எல்லோரையும் கூப்பிட்டேன். பரீனா சுவரோடு சாய்ந்து நின்று என்னைப் பார்த்தாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கழிந்து டொக்டர் வெளியே வந்தார். "இந்தத் தரம் தப்பிட்டான். இன்னொரு தரம் இப்படி வந்தால் என்னால் உறுதி சொல்ல முடியாது" என்றார். நான் அங்கிருந்து அலுவலகத்துக்குப் போகவில்லை. நேரே மண்டபத்துக்குப் போனேன்.

காலை பத்து மணி. நல்ல வெயில். பின்அறையில் அந்தப் பிள்ளையின் பாய் தட்டியோடு ஒட்டி விரித்தபடியே கிடந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதில் படுத்தேன், அவன் தலையணையில் தலையை வைத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி. நின்றால் ஒன்றும் தெரியாத அறை அது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வேறு காற்று இருந்தது. பலகையின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. அதிலிருந்து ஈரமான, புளித்த, அழுகிய தேங்காய் மட்டையும் பழைய மலக்குழியும் சேர்ந்த ஒரு மணம் மெதுவாக வந்துகொண்டிருந்தது. இருபது எண்ணுவதற்குள் தொண்டை கரகரத்தது. எனக்கு முட்டு வருத்தம் இல்லை. எனக்கு அப்போது ஐம்பது வயது. எழும்பி உட்கார்ந்து இருமினேன்.

வெளியே போய்ச் சிலாபம் பக்கத்துத் தச்சர் ஒருவரைக் கூட்டி வந்தேன். சிங்களவர், பாஸ் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் கடப்பாரையோடு வந்தபோது ஹாஜியாரும் நாலைந்து பெண்களும் கூடிவிட்டார்கள். ஹாஜியார் கையில் என் கடிதம். பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார்.

"சேர், இது குடுத்தவங்கட கட்டடம். உடைச்சா என்ன பதில் சொல்ற? நல்லம் எண்டு நீங்கதானே எழுதித் தந்தீங்க?"

"அந்த எழுத்து பிழை ஹாஜியார்."

இருபத்தைந்து வருட வேலையில் அந்த நான்கு சொற்களையும் நான் அதற்கு முன் சேர்த்துச் சொன்னதில்லை. ஹாஜியார் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு வழி விட்டார்.

பாஸ் கீழ்ப் பலகையை நெம்பினார். வெள்ளைப் பெயின்ட் பூசிய பலகை பாண் போலப் பிய்ந்து வந்தது. உள்ளே தும்பு தும்பாக இல்லை. கறுத்து, சதசதவென்று, வெள்ளை நூல்கள் ஓடி, இடையிடையே குட்டிக் காளான்கள் முளைத்திருந்தன. பலகையின் உட்பக்கம் முழுவதும் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம். நான் முட்டாள்தனமாக வெறும் கையை உள்ளே விட்டேன். நீங்கள் ஒருக்காலும் அப்படிச் செய்யாதீர்கள். உள்ளே சூடாக இருந்தது. வெள்ளம் வடிந்து இரண்டு மாதம் ஆகப் போகிறது, அந்தத் தும்பு ஈரத்திலும் சூட்டிலும் இருந்தது. பாஸ் ஓரடி பின்னால் போனார்.

"மஹத்தயா, இது சுவர் இல்லை. இதுக்கு உயிர் இருக்கு" என்றார்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி கீழே காத்திருந்தது. தும்பின் அடியில் இரண்டு படை மண். கீழே களப்புச் சேறு, கறுப்பு. அது வெள்ளம் கொண்டுவந்தது. அதற்கு மேல் நான்கு விரல் கனத்துக்குச் சிவப்பு. குடியேற்றத்தில் சிவப்பு மண் கிடையாது. நான் அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வெள்ளம் அந்தத் தட்டியை முழங்கால் வரைக்கும்தான் நனைத்தது. தலைக்கு மேலிருந்து ஏழு தரம் ஊற்றிய தண்ணீர் பலகை இடுக்குகளால் இறங்கித் தும்பு முழுவதையும் உச்சி முதல் அடிவரை ஊற வைத்திருக்கிறது. அதன் மேல் பெயின்ட் பூசி ஈரம் வெளியே போகும் வழியையும் அடைத்திருக்கிறோம். அதன் பக்கத்தில் பாய் போட்டு ஒரு பிள்ளையைப் படுக்க வைத்திருக்கிறோம்.

பெண்களுக்கும் விளங்கிவிட்டது. ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "யா அல்லாஹ், நாங்கதானே ஊத்தினது" என்று அழத் தொடங்கினாள். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் என் மூளை வேலை செய்தது. நான் சத்தமாகச் சொன்னேன்: "நீங்கள் செய்தது உங்கள் வேலை. அதைக் குறைவில்லாமல் செய்தீர்கள். சுவருக்குள் தும்பு இருக்கிறது, அதைப் பிடுங்காமல் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று சொல்ல வேண்டியது என் வேலை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்." அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆண்கள் வெளியே வந்தபோது பள்ளி முற்றத்தில் நின்று அதையே மறுபடியும் சொன்னேன். ஊருக்குள் பெண்கள் மேல் ஒரு சொல் விழக்கூடாது என்பதற்காக.

கூட வேலை செய்தவர்கள் என்னைத் தேற்றினார்கள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்றார்கள். ஆனைக்குச் சறுக்கினால் விழுவது ஆனைதான். எனக்குச் சறுக்கியதில் விழுந்தது இரண்டு வயதுப் பிள்ளை. இந்தப் பழமொழியை யாராவது உங்களிடம் சொன்னால் அவருக்கு ஒரு தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டு எழும்பிப் போங்கள்.

வெள்ளத்துக்குப் பிறகு எல்லோரும் அழுக்கைத் தேடுகிறார்கள். அழுக்கு கண்ணுக்குத் தெரியும், கழுவினால் போய்விடும். நீங்கள் தேட வேண்டியது தண்ணீர் எங்கே போய் ஒளிந்திருக்கிறது என்பதை. இரட்டைப் பலகைக்குள், மெத்தைக்குள், சீலிங்குக்கு மேல், அலுமாரியின் முதுகில். ஊறுகிற பொருள் ஊறிவிட்டால் அதைக் கழுவ முடியாது, கழற்றி எறியத்தான் முடியும். குளோரின் மேலே இருப்பதைக் கொல்லும், உள்ளே இருப்பது அதைக் கண்டுகொள்ளாது. இதெல்லாம் உங்கள் கைநூலில் இருக்கிறது. அந்தக் காலத்தில் எனக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் விட்டேன் என்பதற்கான பதில் கைநூலில் இல்லை. அதைப் பரீனாவிடம்தான் தெரிந்துகொண்டேன்.

சுவரை உடைத்த மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அஸ்லம் ஒட்சிசன் முகமூடியோடு தூங்கிக்கொண்டிருந்தான். அவள் கொஞ்ச நேரம் அவன் கால் விரல்களை நீவிக்கொண்டிருந்தாள்.

"அண்டைக்கு நீங்க ஹாஜியாருக்கிட்டப் பாக்கா எண்டு கேட்டீங்க. அது பாக்தான் சேர். அதுல ஒரு பொய்யும் இல்ல. நானும் அந்த அறையிலதான் தொழுதன்."

பாக் என்றால் அங்கே தொழலாம். அவ்வளவுதான் அந்தச் சொல்லின் பொருள். அந்தச் சொல் தன் வேலையைச் சரியாகச் செய்தது. நான்தான் அதன் தலையில் இன்னொரு வேலையையும் சேர்த்துச் சுமத்திவிட்டுப் பேனையைத் தேடினேன்.

"பிள்ளை இங்கே மூச்சு விடலாமா என்று கேட்டிருந்தால்?" என்றேன்.

"ஏலாது எண்டு அண்டைக்கே சொல்லியிருப்பன். முதல் நாளே குனிஞ்சு பாய் விரிக்கக்குள்ள மணத்தது. அதைச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டன்."

அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்டிருந்தது. அதுதான் கொடுமை. கேட்காமல் போயிருந்தால் காதைக் குறை சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு செய்ததை நான் சரியாகவே செய்தேன். தட்டியை முழுவதும் கழற்றி, தும்பையும் மண்ணையும் தூரத்தில் கொண்டுபோய்ப் புதைத்தோம். வேலை செய்தவர்களுக்கு முகமூடியும் கையுறையும் கொடுத்தேன். வெளிச்சுவரின் பூச்சைக் கீழே இரண்டடிக்குக் கொத்தி எடுத்தோம். கதவு யன்னல் எல்லாம் திறந்து ஒரு மாதம் காற்றாட விட்டோம். நடுவில் சீமெந்துக் கல்லால் சுவர் எழுப்பினோம். அலுவலகத்தில் கெஞ்சிக் கூத்தாடி ஈரம் அளக்கும் கருவி ஒன்றை இரவலாக எடுத்து மூலை மூலையாக அளந்தேன். ஒவ்வொரு மூலையிலும் பாய் விரித்துப் படுத்தேன். ஊர்ப் பிள்ளைகள் யன்னலால் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

பிறகு இரண்டாவது கடிதத்தை எழுதினேன். என்ன உடைத்தோம், என்ன எறிந்தோம், எத்தனை இடத்தில் அளந்தோம் என்றெல்லாம் இரண்டு பக்கத்துக்கு. பரீனா அப்போது மகனோடு தன் தாத்தா வீட்டில், அதாவது அக்கா வீட்டில், ஒதுங்கியிருந்தாள். எட்டுப் பேர் இருந்த வீடு. கடிதத்தை நானே கொண்டுபோனேன். அவள் நின்றபடியே கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். அஸ்லம் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"படுத்தும் பாத்தீங்களா சேர்?"

"ஓம். எல்லா மூலையிலும்."

"எவ்வளவு நேரம்?"

"ஒவ்வொரு இடத்திலும் அரை மணித்தியாலம்."

அவள் கடிதத்தை அது இருந்தபடியே மடித்து என் கையில் திருப்பித் தந்தாள். கோபம் இல்லை. தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொல்லும் அதே குரலில் சொன்னாள்.

"எழுத்து உங்கட. மூச்சு இவண்ட. நான் ஓலை போட்டுக் குடிசை கட்டிக்கொள்றன் சேர். ஓலைச் செவருக்குள்ள ஒண்டும் ஒளிக்க ஏலாது."

கட்டவும் செய்தாள். தாத்தா வீட்டு வளவின் மூலையில், நாலு பக்கமும் காற்றுப் போகும் ஒற்றை அறை. மண்டபத்துப் பின்அறைக்கு வேறொரு குடும்பம் வந்தது, அவர்களுக்கு ஒரு குறையும் வரவில்லை. அந்த இரண்டாவது கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். அவள் அதை வாங்காமல் விட்டதிலும் ஒரு பிழையும் இல்லை.